ஒர்க்கரைக் குறைக்கும் முன் கேச்சைப் பாருங்கள்: ஸ்பார்க்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சுங்கை சிப்புட்டில் இரவு ஒன்பதரைக்கு வாசலில் யாராவது கூப்பிட்டால் பெரும்பாலும் பூஜைக்குச் சீட்டு வெட்ட வந்திருப்பார்கள். அன்றைக்கு வந்து நின்றது பக்கத்து வீட்டுப் பையன், கையில் மடிக்கணினி. பாலிடெக்னிக் முடித்து ஈப்போவில் ஒரு கம்பெனியில் டேட்டா வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "அக்கா, ராத்திரி யாருமே வேலை செய்யல. ஆனா 20 ஒர்க்கரும் விடிய விடிய ஓடியிருக்கு. பில்லைப் பார்த்துட்டு பாஸ் என்னைத்தான் கேக்குறாரு."

திண்ணையில் உட்காரவைத்துப் பார்த்தோம். நோட்புக்கில் ஒரே ஒரு வரி, கேச் என்று, அதாவது கணக்கிட்டதை அடுத்த முறைக்கு மெமரியில் வைத்துக்கொள் என்று. வேறு ஒன்றும் இல்லை. இணையத்தில் எங்கோ பார்த்த ஒரு அமைப்பை 60 வினாடி என்று மாற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போனான். அடுத்த வாரம் மறுபடியும் வந்தான். இந்த முறை பில் இறங்கிவிட்டது, ஆனால் 4 நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த வேலை 40 நிமிடம் இழுக்கிறது. இரண்டும் ஒரே கோளாறுதான், ஒன்று முன்பக்கம், மற்றது பின்பக்கம். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஸ்பார்க் என்பது பெரிய டேட்டாவைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணக்குப் போடுகிற மென்பொருள். நான் அதைப் பைத்தான் வழியாகப் பயன்படுத்துகிறவள், அதனால் பேச்சு ஸ்பார்க்கைச் சுற்றியே இருக்கும்; அதே மாதிரி வேலை செய்கிற டாஸ்க் என்ற மென்பொருள் பற்றி நடுவில் கொஞ்சம் வரும். அமைப்புகளின் பெயர்களைக் காதில் விழுகிற மாதிரி பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறேன், கோப்பில் எல்லாம் ஒட்டித்தான் இருக்கும்.

கேச் எங்கே உட்கார்ந்திருக்கிறது

வேலையைப் பிரித்துக் கொடுக்க டிரைவர் என்று ஒன்று, அதற்குக் கீழே அதைச் செய்கிற எக்ஸிகியூட்டர்கள். நாம் ஒர்க்கர் ஒர்க்கர் என்று சொல்வது பெரும்பாலும் இந்த எக்ஸிகியூட்டரைத்தான். உங்கள் டேட்டாஃபிரேம், அதாவது அட்டவணை, பல பார்ட்டிஷன்களாக வெட்டப்பட்டு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து போகிறது. நீங்கள் கேச் என்று எழுதினால் அந்த நிமிடம் எதுவும் நடக்காது. அடுத்து ஒரு கவுண்ட் அல்லது ரைட் மாதிரி ஏதாவது ஓடும்போதுதான் ஒவ்வொரு எக்ஸிகியூட்டரும் தன் கையில் கணக்கிட்ட பார்ட்டிஷனைத் தன் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். பொதுக் கிடங்கு என்று எதுவும் கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அம்மா 20 வருடத்துக்கு மேல் ரப்பர் மரம் சீவியவர். அவரிடம் இதைச் சொன்னபோது சட்டென்று பிடித்துக்கொண்டார். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) தண்டல் ஆளுக்கு ஒரு நெரை பிரித்துக் கொடுப்பார், ஒவ்வொரு மரத்து மங்கிலும் (கிண்ணத்திலும்) பால் சொட்டிக்கொண்டிருக்கும். சீவி முடித்து, பாலை எடுப்பதற்குள் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்த நெரையில் இருக்கிற பால் மங்கிலேயே உறைந்து கட்டியாகிவிடும், ஸ்டோருக்கு வந்து சேராது. "ஆளைக் குறைக்கிறதுன்னா பால் எடுத்த பிறகு குறைக்கணும்" என்றார். ஒப்பிடுவதை இதோடு விட்டுவிடுகிறேன், ஏனென்றால் ஸ்பார்க்கில் ஒரு வசதி உண்டு, மரத்தில் அது கிடையாது: போன பாலை மறுபடி வரவழைக்கலாம்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2009இல் ஸ்பார்க் தொடங்கியபோதே அதற்குள் வைத்த யோசனை இது. மத்தேய் சஹாரியாவும் கூட இருந்தவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு பார்ட்டிஷனும் எந்த மூலத்திலிருந்து, எந்தெந்தக் கணக்கு வழியாக வந்தது என்ற பரம்பரையை ஸ்பார்க் எழுதி வைத்துக்கொள்ளும். கேச் தொலைந்தால் அந்தப் பரம்பரையைப் பிடித்துப் பின்னால் போய்த் திரும்பக் கணக்கிடும். அதனால்தான் பல பேர் "கேச் போனால் போகட்டும், விடை சரியாகத்தான் வரும்" என்கிறார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது, கீழே வருகிறேன்.

அதற்கு முன் இன்னொரு தப்பெண்ணத்தைக் கழற்றிவிடுவோம். டேட்டாஃபிரேமை வெறுமனே கேச் செய்தால் மெமரியும் டிஸ்கும் சேர்ந்த நிலையில் வைக்கும், மெமரி போதாவிட்டால் மிச்சம் டிஸ்குக்குப் போகும். (டேட்டாஃபிரேமுக்கு அடியில் இருக்கிற பழைய வடிவமான ஆர்டிடி என்றால் மெமரி மட்டும்.) "டிஸ்கில்தானே இருக்கு, பத்திரம்தானே அக்கா?" என்று பையன் கேட்டான். இல்லை. அந்த டிஸ்க் அந்த எக்ஸிகியூட்டர் ஓடுகிற கணினியின் டிஸ்க். எக்ஸிகியூட்டர் போகும்போது அந்த கேச் பிளாக்குகளும் கூடவே போய்விடும். எக்ஸ்டர்னல் ஷஃபிள் சர்வீஸ் (ஷஃபிள் என்பது ஜாயின் மாதிரி வேலைகளில் ஒர்க்கர்கள் டேட்டாவைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது; அந்தக் கோப்புகளை எக்ஸிகியூட்டருக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்கிற சர்வீஸ் இது) வைத்திருந்து, அதிலும் ஃபெட்ச் ஆர்டிடி என்ற அமைப்பைக் கையால் திறந்துவிட்டிருந்தால் மட்டும் டிஸ்கில் இருப்பதை அந்த சர்வீஸ் எடுத்துக் கொடுக்கும். அது தானாகத் திறந்திருக்காது.

இரண்டு டைமர், இரண்டு குணம்

டைனமிக் அலொக்கேஷன் என்பதை இயக்கினால் ஸ்பார்க் தானே ஆளைக் கூட்டும், குறைக்கும். குறைப்பதற்கு அது பார்ப்பது முக்கியமாக இரண்டு டைமர். ஒன்று எக்ஸிகியூட்டர் ஐடில் டைம்அவுட்: கையில் வேலையும் இல்லை, கேச்சும் இல்லை என்றால் 60 வினாடியில் அனுப்பிவிடும். இன்னொன்று கேச்ட் எக்ஸிகியூட்டர் ஐடில் டைம்அவுட்: கேச் வைத்திருக்கிறவர்களுக்கானது. இதற்கு ஸ்பார்க் வைத்திருக்கும் இயல்பு மதிப்பு முடிவிலி. ஆமாம், முடிவிலி. ஒரே ஒரு சின்ன பார்ட்டிஷன் கேச்சில் இருந்தால்கூட அந்த ஒர்க்கர் காலம் முழுக்க உட்கார்ந்திருக்கும், சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும். பையனின் முதல் வாரத்துப் பில் இதனால்தான்.

இந்த இரண்டாவதை 60 வினாடிக்கு இறக்கினால் என்ன ஆகும்? நீங்கள் ஒரு விடையைப் பார்த்து யோசித்துக்கொண்டு ஒரு தே ஓ கலக்கிக் கொண்டுவருவதற்குள் எல்லாரும் கிளம்பியிருப்பார்கள், கேச்சும் கூடவே. அவனுடைய இரண்டாவது வாரம். நானும் யோக்கியம் இல்லை, முதல் வருடத்தில் இதையே செய்துவிட்டு பாசார் மாலாமுக்குப் போய் ஆப்பம் பாலிக் வாங்கி வந்து உட்கார்ந்தால், 20 ஒர்க்கர் 2 ஆகியிருந்தது. முந்தைய ஒரு மணி நேர வேலையை அந்த இரண்டும் மட்டும் சேர்ந்து முதலிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தன. புது ஆட்கள் வந்து சேர்வதற்குள் ஆப்பம் ஆறிவிட்டது.

சரி, வேலையைப் பார்ப்போம்.

முதல் படி: என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவரின் 4040 போர்ட்டில் ஸ்பார்க்கின் திரை கிடைக்கும். அதில் ஸ்டோரேஜ் தாவலுக்குப் போங்கள். கேச் ஆன ஒவ்வொன்றும் ஒரு வரியாக இருக்கும், எந்த நிலையில் வைத்திருக்கிறது, எத்தனை பார்ட்டிஷன், எத்தனை சதவீதம் கேச் ஆகியிருக்கிறது, மெமரியில் எவ்வளவு, டிஸ்கில் எவ்வளவு. பெயரைச் சொடுக்கினால் எந்த எக்ஸிகியூட்டரிடம் எது இருக்கிறது என்பது வரை தெரியும். நீங்கள் கேச் என்று எழுதியும் ஒரு வரி இங்கே இல்லையென்றால் இன்னும் எந்த வேலையும் அதை ஓட்டவில்லை என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்.

இங்கே நான் முதலில் பார்ப்பது அந்தச் சதவீதம்தான். 100 இல்லாமல் 62 என்று நிற்கிறதா? அப்படியென்றால் ஒன்று மெமரி மட்டும் என்ற நிலையில் வைத்து இடம் போதாமல் பழையதை வெளியே தள்ளியிருக்கிறது, அல்லது ஆள் போயிருக்கிறது. எது என்று அறிய எக்ஸிகியூட்டர்ஸ் தாவல், அங்கே செத்துப்போனவர்களும் பட்டியலில் இருப்பார்கள்.

பையனுடைய திரையில் 7 வரி இருந்தது. அவன் கேச் எழுதியது ஒரே இடத்தில். அந்த நோட்புக் கலத்தை, ஒவ்வொரு முறையும் வடிகட்டலைக் கொஞ்சம் மாற்றி மாற்றி, 7 தடவை ஓட்டியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் ஒரு புது கேச். பழையது போகவில்லை, மாறியின் பெயர் மட்டும் புதியதற்கு மாறிவிட்டது. நோட்புக்கில் வேலை செய்கிற எல்லாரும் ஒரு தடவையாவது விழுகிற குழி இது.

இரண்டாம் படி: வேண்டாததை விட்டுவிடுங்கள்

அன்பெர்சிஸ்ட். அவ்வளவுதான். தேவை முடிந்த டேட்டாஃபிரேமில் அன்பெர்சிஸ்ட் கூப்பிடுங்கள். மாறி கைவிட்டுப் போயிருந்தால் கேட்டலாகில் இருக்கிற கிளியர் கேச் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைக்கும். எஸ்கியூஎல் எழுதுகிறவர்களுக்கு அன்கேச் டேபிள். அன்பெர்சிஸ்ட் இயல்பாகவே காத்திருக்காது, சொல்லிவிட்டுத் திரும்பிவிடும், பின்னணியில் துடைக்கும். அடுத்த வரியிலேயே பெரிய வேலை ஒன்றைத் தொடங்கப் போகிறீர்கள் என்றால் பிளாக்கிங் என்பதை உண்மை என்று கொடுங்கள், இல்லையென்றால் பழைய கேச்சும் புதிய வேலையும் கொஞ்ச நேரம் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்ளும்.

கேச் முழுக்கப் போன எக்ஸிகியூட்டர் மறுபடி சாதாரண 60 வினாடிக் கணக்குக்குள் வந்துவிடும். பையனின் 7 வரியில் 6ஐத் துடைத்தோம், ஒரு நிமிடம் கழித்து ஒர்க்கர் குறைகிறதா என்று இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குறையவில்லை. ஏனென்றால் மிச்சமிருந்த அந்த ஒரு வரி 20 பேரிடமும் பரவிக் கிடந்தது. மொத்த அளவு சின்னதாக இருக்கலாம், அது எத்தனை பேரிடம் சிதறிக் கிடக்கிறது என்பதுதான் டைமருக்குக் கணக்கு. சின்ன டேட்டாவைப் பெரிய எண்ணிக்கையில் பார்ட்டிஷன் செய்து கேச் செய்யாதீர்கள். கேச் செய்யும் முன் கோயலெஸ் போட்டு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், குறைந்த பார்ட்டிஷன் என்றால் அதிகமான ஆட்களைப் பிடித்து வைக்க முடியாது.

எல்லாவற்றையும் துடைத்தும் ஆள் போகவில்லையா? கன்டெய்னர்களை நிர்வகிக்கிற குபெர்னெட்டிஸில் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். அங்கே ஸ்பார்க்குக்கு எக்ஸ்டர்னல் ஷஃபிள் சர்வீஸ் கிடையாது, அதற்குப் பதிலாக ஷஃபிள் டிராக்கிங் என்ற வழி. ஷஃபிள் கோப்பு வைத்திருக்கிற எக்ஸிகியூட்டரை அது அனுப்பாது, அதற்கான டைம்அவுட்டும் இயல்பில் முடிவிலிதான். அந்த ஷஃபிள் இனி யாருக்கும் வேண்டாம் என்பது டிரைவரில் குப்பை அள்ளல் நடக்கும்போதுதான் தெரியவரும். டிரைவர் சும்மா கிடந்தால் 30 நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்பார்க்கே அதைக் கூப்பிடும். ஆகவே அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள், அல்லது ஷஃபிள் டிராக்கிங் டைம்அவுட்டுக்கு ஒரு எண் கொடுங்கள்.

மூன்றாம் படி: தொலைந்தால் என்ன விலை என்று கேளுங்கள்

இதுதான் நான் அதிகம் நேரம் செலவிடுகிற இடம், பலரும் தாண்டிப் போகிற இடமும் இதுதான். மிச்சம் இருக்கிற ஒவ்வொரு கேச்சையும் பார்த்துக் கேளுங்கள்: இதில் ஒரு பார்ட்டிஷன் தொலைந்தால் ஸ்பார்க் எவ்வளவு தூரம் பின்னால் போகணும்?

கோப்பைப் படித்து, இரண்டு நெடுவரிசையைச் சுத்தம் செய்து கேச் செய்திருந்தால் விலை குறைவு. தொலைந்த பார்ட்டிஷனுக்கான கோப்புத் துண்டை மட்டும் மறுபடி படிக்கும். ஆனால் இரண்டு பெரிய அட்டவணைகளை ஜாயின் செய்து, குரூப் செய்து, அதற்கு மேல் கேச் செய்திருந்தால் கதையே வேறு. ஷஃபிள் கோப்புகள் பத்திரமாக இருந்தால் ஷஃபிளுக்குப் பிந்தைய கட்டத்தை மட்டும் ஓட்டிச் சமாளிக்கும். திரையில் முந்தைய கட்டங்கள் ஸ்கிப்ட் என்று சாம்பல் நிறத்தில் தெரியும், அதைப் பார்த்தால் நிம்மதி. ஆள் போகும்போது ஷஃபிள் கோப்பும் போயிருந்தால் ஒரே ஒரு பார்ட்டிஷனுக்காக மூலம் வரை ஓடணும், ஏனென்றால் ஜாயினுக்குப் பின்னால் வருகிற ஒரு பார்ட்டிஷனுக்கு முன்பக்கத்து எல்லாப் பார்ட்டிஷனிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். பையனின் 40 நிமிடம் இங்கேதான் போயிற்று.

விலை நேரத்தில் மட்டும் இல்லை. நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் இடத்தில், செம்பனை ஆலை வாசலில் லோரியை நிறுக்கிற தீம்பாங் சீட்டுகளைப் படித்துக் கணக்குப் போடுகிறோம். சீட்டுகள் ஒரு டேட்டாபேஸ் அட்டவணையில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் அதை நேராகப் படித்து கேச் செய்து, எண்ணிப் பார்த்தேன்: 4,12,306 வரி. கொஞ்ச நேரம் கழித்து அதே டேட்டாஃபிரேமை, ஒரு எழுத்துகூட மாற்றாமல், மறுபடி எண்ணினால் 4,12,351. பேய் பிடித்துவிட்டதா என்று பார்த்தேன். இடையில் மூன்று ஒர்க்கர் போயிருந்தது. அவர்களிடம் இருந்த பார்ட்டிஷன்களை ஸ்பார்க் டேட்டாபேஸிலிருந்து மறுபடி படித்தது, அதற்குள் புதிய லோரிகள் வந்துவிட்டன. ஒரே டேட்டாஃபிரேமில் பாதி காலை 10 மணிக் கணக்கு, பாதி மதியக் கணக்கு. எந்தப் பிழைச் செய்தியும் வராது. டன் கணக்கு மட்டும் பொருந்தாது, கிராணியார் ஃபோன் போட்டுக் கேட்பார்.

அதனால் கீழ்க்கண்ட மாதிரி ஏதாவது பரம்பரையில் இருந்தால், மறு கணக்கில் அதே விடை வரும் என்று நம்ப வேண்டாம்: மாறிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ், விதை எண் கொடுக்காத ராண்டம், வெளியே இருக்கிற ஏபிஐயைக் கூப்பிடுகிற ஃபங்ஷன். ராத்திரி வேறு யாரோ மேலெழுதுகிற கோப்புறை என்றால் இன்னும் மோசம், பழைய கோப்பு இல்லை என்று சொல்லி வேலையே நின்றுவிடும். கேச் என்பது வேகத்துக்காக வைப்பது, சாட்சியாக வைப்பது அல்ல.

நான்காம் படி: முக்கியமானதை வெளியே எழுதுங்கள்

மூன்றாம் படியில் விலை அதிகம் என்று பட்டதெல்லாம் ஒர்க்கரின் கையில் இருக்கக் கூடாது. நெடுவரிசை வாரியாகச் சேமிக்கிற பார்க்கே கோப்பாக, அமேசானின் எஸ்3 மாதிரி ஒரு பொது இடத்தில் எழுதிவிட்டு, அங்கிருந்தே திரும்பப் படியுங்கள். புதியவர்களுக்கு இது பின்னடைவு மாதிரித் தோன்றும், மெமரியில் இருப்பதை ஏன் கோப்பில் எழுதணும் என்று. பார்க்கேயில் தேவையான நெடுவரிசையை மட்டும் எடுக்கலாம் என்பதால் பல வேலைகளில் வித்தியாசமே தெரியாது, அப்புறம் ஒர்க்கர் இருந்தாலும் போனாலும் உங்களுக்குக் கவலை இல்லை. எழுதின பிறகு அந்த கேச்சை அன்பெர்சிஸ்ட் செய்ய மறக்காதீர்கள், அதைச் செய்யாமல் எழுதுவது இரண்டு சம்பளம் கொடுக்கிற மாதிரி.

செக்பாயின்ட் என்று இன்னொன்று உண்டு. செக்பாயின்ட் கோப்புறையைக் குறித்துக் கொடுத்தால் அங்கே எழுதி, பரம்பரையையும் வெட்டிவிடும். திரும்பத் திரும்பச் சுற்றுகிற கணக்குகளுக்கு நல்லது. அந்தக் கோப்புகள் தானாக அழியாது, நீங்கள்தான் கூட்டிப் பெருக்கணும்.

லோக்கல் செக்பாயின்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். பெயரைப் பார்த்தால் தம்பி மாதிரி தெரியும், செய்வது வேறு: பரம்பரையை வெட்டிவிட்டு, டேட்டாவை எக்ஸிகியூட்டரிடமே விட்டுவைக்கும். ஆள் போனால் டேட்டாவும் இல்லை, திரும்பிப் போக வழியும் இல்லை, வேலை செத்துவிடும். டைனமிக் அலொக்கேஷனோடு சேர்த்துப் பயன்படுத்துவது பாதுகாப்பில்லை என்று ஸ்பார்க்கின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, கட்டாயம் என்றால் கேச் டைமரை நீளமாக வைக்கச் சொல்கிறது.

இரட்டைப் பிரதி நிலையும் இருக்கிறது, பெயரின் கடைசியில் 2 என்று வரும். மெமரி இரு மடங்கு போகும், இரண்டு பிரதி வைத்திருக்கிறவர்களும் ஒரே நேரத்தில் கிளம்பலாம். நான் பயன்படுத்துவதில்லை.

ஐந்தாம் படி: எத்தனை பேர் மிஞ்சணும் என்ற கணக்கு

காகிதம் எடுங்கள். ஒரு எக்ஸிகியூட்டருக்கு 4 ஜிபி, அதாவது 4,096 எம்பி கொடுத்திருக்கிறீர்கள் என்று வைப்போம். அதில் 300 எம்பியை ஸ்பார்க் ஒதுக்கி வைக்கும். மிச்சத்தில் 0.6 பங்கு, ஏறக்குறைய 2,278 எம்பி, கணக்குப் போடுவதற்கும் கேச்சுக்கும் பொது. வேலை எதுவும் ஓடாதபோது கேச் அந்த முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம், வேலை வந்தால் கேச்சைப் பாதி வரை தள்ளிவிடலாம். ஆக உறுதியாக நம்பக்கூடியது ஆளுக்கு 1,139 எம்பி.

ஸ்டோரேஜ் தாவலில் உங்கள் கேச் மொத்தம் 9 ஜிபி என்று காட்டுகிறதா? அப்படியென்றால் குறைந்தது 9 பேராவது வேண்டும், 4 பேராகக் குறைத்தால் உறுதியாக இருக்கிற இடம் 4.5 ஜிபி மட்டும். எவ்வளவு நல்ல ஏற்பாடு செய்து கேச்சை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்த்தினாலும் பாதி டிஸ்குக்குப் போகும், அல்லது தொலையும். இந்தக் கணக்கைப் போடாமல் அமைப்பை நோண்டுகிறவர்கள்தான் அதிகம். உங்கள் மூல கோப்பின் அளவை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள், திரையில் காட்டுகிற அளவை மட்டும் எடுங்கள், மெமரிக்குள் வந்ததும் ஊதலாம், சுருங்கவும் செய்யலாம்.

வந்த எண்ணை மின் எக்ஸிகியூட்டர்ஸ் என்பதற்குக் கொடுங்கள். மேல் எல்லைக்கும் ஒன்று வையுங்கள், அதன் இயல்பும் முடிவிலிதான், அதை அப்படியே விட்டவர்களின் பில் கதை தனி.

ஆறாம் படி: டைமரை வையுங்கள்

கேச் டைமருக்குச் சரியான எண் என்று ஒன்று கிடையாது. என் பழக்கம்: மனிதர் உட்கார்ந்து பார்க்கிற நோட்புக் என்றால் 30 நிமிடம், ஒரு சாப்பாட்டு நேரத்தைத் தாங்கும், இரவைத் தாங்காது. ராத்திரித் தானாக ஓடுகிற வேலை என்றால் 5 நிமிடம் போதும், அங்கே கட்டங்களுக்கு இடையில் இடைவெளி அதிகம் இருக்காது. இவை எல்லாம் செஷன் தொடங்கும் முன் கொடுக்க வேண்டியவை. நோட்புக் நடுவில் மாற்றினால் கேட்காது, ஓடிக்கொண்டிருக்கிற செஷனை நிறுத்தி மறுபடி தொடங்கணும். பையன் இதில் மட்டும் ஒரு மாலையைத் தொலைத்தான்.

ஏழாம் படி: போகிறவர் கொடுத்துவிட்டுப் போகட்டும்

ஸ்பார்க் 3.1இலிருந்து டிகமிஷன் என்ற வசதி இருக்கிறது. போகச் சொன்ன எக்ஸிகியூட்டர் புது வேலை வாங்காது, தன்னிடம் இருக்கிற கேச் பிளாக்குகளையும் ஷஃபிள் கோப்புகளையும் மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டுப் போகும். இரண்டு சுவிட்ச் போடணும், இரண்டும் இயல்பில் அணைந்திருக்கும்: டிகமிஷன் எனேபிள்ட் ஒன்று, ஸ்டோரேஜ் டிகமிஷன் எனேபிள்ட் இன்னொன்று. முதலாவதை மட்டும் போட்டுவிட்டு ஏன் எதுவும் நகரவில்லை என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவற்றைப் போட்டால் டைனமிக் அலொக்கேஷன் ஆளைக் குறைக்கும்போதும் வெட்டி அனுப்பாமல் இந்த வழியில்தான் அனுப்பும்.

எப்போது வேண்டுமானாலும் பிடுங்கப்படக்கூடிய மலிவு விலை ஸ்பாட் கணினிகளில் ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம், ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். அமேசானில் பிடுங்குவதற்கு 2 நிமிடம் முன் அறிவிப்பு வரும், கூகுளிலும் அஷூரிலும் 30 வினாடி. ஒரு எக்ஸிகியூட்டரிடம் 2 ஜிபி கேச் இருந்து, வினாடிக்கு 1 கிகாபிட் வலையமைப்பு முழுதாகக் கிடைத்தால்கூட நகர்த்த 16 வினாடி. 8 ஜிபி என்றால் 64 வினாடி, 30 வினாடிக்குள் நடக்கிற காரியம் இல்லை. நான்கு பேரை ஒரே நேரத்தில் பிடுங்கினால் இன்னும் நெரிசல். ஸ்பாட்டில் ஓட்டினால் பெரிய எக்ஸிகியூட்டர் நான்கைவிட சின்ன எக்ஸிகியூட்டர் பத்து மேல். வாங்கிக்கொள்கிறவர்களிடம் இடமும் இருக்கணும், ஐந்தாம் படிக் கணக்கு இங்கேயும் வரும்.

டாஸ்க் பயன்படுத்துகிறவர்களுக்கு

அங்கே இது கொஞ்சம் நாகரிகமாக நடக்கும். ரிட்டையர் ஒர்க்கர்ஸ் என்று கூப்பிட்டால் போகிறவரிடம் மட்டும் இருக்கிற டேட்டாவை மற்றவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் மூடும். ஒர்க்கர் திடீரென்று செத்தால் ஷெட்யூலர் மறுபடி கணக்கிடும். ஆனால் ஸ்கேட்டர் செய்து நீங்களே உள்ளே அனுப்பிய டேட்டாவுக்குப் பின்னால் எந்தக் கணக்கும் இல்லை, அதை வைத்திருந்த ஒர்க்கர் செத்தால் போனது போனதுதான். அதன் ஒரு பிரதியை உங்கள் பக்கம் வைத்திருங்கள்.

எட்டாம் படி: பகலிலேயே ஒருவரைக் கொன்று பாருங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. எல்லா அமைப்பையும் போட்டுவிட்டு, சோதனை டேட்டாவில், 10 எக்ஸிகியூட்டர் வைத்து, கேச் 100 சதவீதம் ஆனதும் ஒன்றைக் கையால் நிறுத்துங்கள். குபெர்னெட்டிஸ் என்றால் எக்ஸிகியூட்டர் ஓடுகிற ஒரு பாட்-ஐ டெலீட் செய்தால் போதும். ஸ்டோரேஜ் தாவலைப் புதுப்பித்துப் பாருங்கள். டிகமிஷன் வேலை செய்தால் சதவீதம் அசையாது. வேலை செய்யவில்லை என்றால் 90 பக்கம் இறங்கும், அடுத்து ஒரு கவுண்ட் ஓட்டினால் மறுபடி 100க்கு ஏறும், ஏறுவதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேச்சின் உண்மையான விலை அந்த எண்தான். கவுண்டின் விடை முன்னே வந்ததோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள், என் 45 வரிக் கதை ஞாபகம் இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பையனோடு உட்கார்ந்து இதைச் செய்தோம். ஒரு சுவிட்ச் மட்டும் போட்டிருந்தான், 100 என்பது 89 ஆனது. இரண்டாவதையும் போட்டு, செஷனை நிறுத்தித் தொடங்கி, மறுபடி ஒருவரை நிறுத்தினோம். 100 அப்படியே நின்றது. மூன்றாவது தடவை ஆர்வத்தில் ஐந்து பேரை ஒரேயடியாக நிறுத்தினான், 71 ஆகிவிட்டது, மிஞ்சியவர்களிடம் இடம் இல்லை. "அப்ப மின் எக்ஸிகியூட்டர்ஸ் 5 பத்தாதாக்கா?" என்றான். பேனாவை அவன் பக்கம் தள்ளினேன்.